உங்களுக்குத் தெரியுமா? இல்லாத பள்ளத்துக்கும் இதயம் படபடக்கும்!

ஓரிடத்தில் தான் இருப்பதாக மனம் கொள்ளும் உணர்வே இருப்புணர்வு. அதற்கு உடல் அங்கே இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. மெய்நிகர் உலகைக் காட்டும் கருவியைத் தலையில் மாட்டியவர்கள் ஓர் அறைக்குள் நுழைகிறார்கள். நடுவே தரை இல்லை. சுமார் 20 அடிப் பள்ளம். உண்மையில் கால் நிற்பதோ சமதளத்தில். அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் இதயத் துடிப்பு ஏறியது. பள்ளத்தின் விளிம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றரை அங்குல உயர மரப்பலகை ஒன்றை நிஜமாகவே வைத்தபோது, பாதம் அதன் ஓரத்தை உணர்ந்தது. துடிப்பு இன்னும் கூடியது. விலையுயர்ந்த கணினிக்கு ஒரு பலகைத் துண்டு கைகொடுத்த கதை இது!

ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் இருப்புணர்வை இரண்டாகப் பிரித்தார். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பது ஒரு மயக்கம். தலையைத் திருப்பியதும் காட்சியும் திரும்பினால் அது நிலைக்கும். ‘இது நிஜமாகவே நடக்கிறது’ என்பது மற்றொன்று. எதிரே நிற்கும் பாத்திரம் நம்மைக் கண்டுகொள்ளாவிட்டால் அது கலைந்துவிடும்.

கதை வாசிக்கும்போது அதற்குள் இருப்பதாக உணரவோ கருவியே வேண்டாம். மெலனி கிரீன், திமோத்தி பிராக் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, கதைக்குள் ஆழ்ந்து போனவர்கள் அதில் குறைவான பிசகுகளையே கண்டார்கள். கதையோடு ஒத்த கருத்துகளையும் கூடுதலாக ஏற்றார்கள்.