கேட்பவர் யார்? வாங்குபவர் யார்?

ஜவுளிக் கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். தீபாவளி விற்பனைக்காகப் பண்பலை வானொலியில் ஒரு மாதம் விளம்பரம் செய்ய அவருக்கு விருப்பம். விளம்பரம் கேட்டு வந்த பிரதிநிதி காட்டிய நேயர் கணக்கோ ஒரு பெருநகரத்தினுடையது. "புதுச்சேரியில் எத்தனை பேர் கேட்கிறார்கள் ஐயா?" என்று கேட்டார். விடை சொல்ல என்னிடம் எண் இல்லை. ஆனால், இது வானொலி விளம்பரத்தின் வரலாறு நெடுகிலும் ஒலித்துவரும் கேள்வி.

அரசு கதவை மூடினால் விளம்பரம் வேறு வழி தேடிக்கொள்ளும். பிரான்ஸ் அரசு தன் வானொலி நிலையங்களில் விளம்பரத்தைத் தடை செய்தபோது, 'பப்ளிசிஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய மார்செல் புளூஸ்தேன் ஒரு தனியார் நிலையத்தையே விலைக்கு வாங்கி, 1935-இல் 'ராடியோ சித்தே' என்று பெயர் சூட்டினார். நம் நாட்டிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது, விளம்பரமும் ஏற்கவில்லை. பாட்டும் விளம்பரமும் சேர்ந்தே கடல் கடந்து இலங்கை வானொலிக்குச் சென்றன.

அங்கே ஒரு பற்பசையின் பெயரில் 1952-இல் தொடங்கிய 'பினாகா கீத்மாலா', நுகர்வோர் ஆய்வுக்கு நல்ல பாடம். பாடல்களை வரிசைப்படுத்தி எழுதினால் 100 ரூபாய் பரிசு என்று அறிவித்ததும், முதல் நிகழ்ச்சிக்கே சுமார் 9,000 கடிதங்கள் குவிந்ததாக அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி நினைவுகூர்ந்திருக்கிறார். ஆயினும் கடிதம் எழுதுபவரெல்லாம் பொருள் வாங்குபவர் அல்லர். பிற்பாடு இசைத்தட்டு விற்பனை விவரங்களும் நேயர் மன்றங்களின் கருத்துகளும் தரவரிசைக்கு அடிப்படையாயின. விருப்பத்தைச் சொல்வது வேறு, காசு கொடுத்து வாங்குவது வேறு என்பதை அந்நிகழ்ச்சி உணர்ந்திருந்தது. 1967 நவம்பரில் விவித பாரதியும் விளம்பரத்துக்கு இடமளித்தது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1943 செப்டம்பர் 21 அன்று பாடகி கேட் ஸ்மித், 18 மணி நேரம் வானொலியில் தொடர்ந்து தோன்றிப் போர்க்கடன் பத்திரங்களை வாங்குமாறு வேண்டினார். சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலருக்குப் பத்திரங்கள் விற்றன. சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன், ஏறத்தாழ 100 நேயர்களை விரிவாக நேர்காணல் செய்து காரணம் தேடினார். பத்திரம் வாங்கியவர்களோடு, கேட்டும் வாங்காதவர்களிடமும் பேசியதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. நாள் முழுதும் அவர் பட்ட சிரமமே அவருடைய நேர்மைக்குச் சான்றாக நேயர்களுக்குத் தோன்றியது.

இந்தியாவில் 2007-இல் 'டாம்' நிறுவனம் தொடங்கிய வானொலி நேயர் அளவீடு, கேட்ட நிகழ்ச்சிகளை நேயர்களே நாட்குறிப்பில் எழுதும் முறையைப் பின்பற்றியது. அது மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா போன்ற பெருநகரங்களையே மையமாகக் கொண்டிருந்தது. அந்தக் கணக்கை இங்கே பொருத்துவது தவறு. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 12.48 லட்சம், அதுவும் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சிதறி, தமிழ், மலையாளம், தெலுங்கு பேசுவது. நேரு வீதிக் கடைகளுக்கோ விழுப்புரம், கடலூர் பகுதிகளிலிருந்தும் வாடிக்கையாளர் வருகின்றனர்.

என் மாணவருக்கு மூன்று யோசனைகள் சொன்னேன். முதலாவது, விளம்பரத்தைத் தீபாவளியில் சோதிக்க வேண்டாம். விளம்பரம் இல்லாமலே விற்பனை உயரும் காலம் அது. உயர்வு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. சாதாரண மாதங்களில் ஒரு வாரம் விளம்பரம், மறு வாரம் இல்லை என்று மாற்றி மாற்றிச் செய்து விற்பனையை ஒப்பிடலாம். இரண்டாவது, "எங்கள் விளம்பரத்தைக் கேட்டீர்களா?" என்று கேட்க வேண்டாம், மரியாதைக்காகவே பலர் "ஆம்" என்பார்கள். எந்த ஊர், வானொலி கேட்பதுண்டா, எந்த நேரத்தில் என்று கேட்டு, பில் போடும் இடத்தில் ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். மூன்றாவது, கடைக்கு வராதவர்களையும் பேருந்து நிலையத்திலும் ஞாயிறு சந்தையிலும் விசாரிக்க வேண்டும். வந்தவர்களை மட்டும் கேட்பது, தேறிய மாணவர்களை மட்டும் வைத்துப் பாடத்தை மதிப்பிடுவது போன்றது.

இது ஒரு வணிகரின் சிக்கல் மட்டும் அன்று. வீணான விளம்பரச் செலவு ஒன்று சிறுவணிகரின் லாபத்தைக் கரைக்கும். அல்லது பொருளின் விலையில் ஏறி நுகர்வோர் தலையில் விழும். பெரிய நிறுவனங்கள் சொந்தமாக ஆய்வு நடத்திக்கொள்ளும். சிறுகடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. நம் கல்லூரிகளின் பொருளியல், வணிகவியல் மாணவர்கள் ஆண்டுதோறும் திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். அவற்றுள் பல அலமாரியில் உறங்குகின்றன. வணிகர் சங்கங்களும் கல்லூரிகளும் கைகோத்து, ஆண்டுக்கு ஒரு முறை புதுச்சேரி நேயர் கணக்கெடுப்பு நடத்தி முடிவுகளைப் பொதுவில் வெளியிடலாம். பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி' சமுதாய வானொலியும் இதில் துணைநிற்கலாம்.

அடுத்த முறை பிரதிநிதி கணக்கோடு வரும்போது, "இது எந்த ஊர்க் கணக்கு?" என்று நம் வணிகர்கள் துணிந்து கேட்கட்டும்.