மெயிலில் கிளம்பி மெசேஜாய் இறங்குவது

கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவது புதுசு ஒன்றும் இல்லை. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் அனுப்பிய உலகின் முதல் எஸ்.எம்.எஸ்.ஸே கம்ப்யூட்டரிலிருந்துதான் போனது. அமெரிக்காவில் பிற்பாடு இதற்கு இன்னும் சுலபமான வழி வந்தது: சாதாரண இமெயில்.

பெறுபவரின் முகவரியாகப் பத்து இலக்க செல் நம்பரைப் போடவேண்டியிருந்தது. பிறகு 'அட்' குறி. அதற்குப் பின்னால் அந்த செல் கம்பெனியின் முகவரி. வெரைசான் என்றால் 'விடெக்ஸ்ட் டாட் காம்'. அவ்வளவுதான், அனுப்புகிறவருக்குச் செலவே இருக்கவில்லை.

நம்பருக்கு எப்படி மெயில் போகும் என்று கேட்பீர்கள். போகாது. அது கம்பெனியின் 'கேட்வே' கம்ப்யூட்டரில் வந்து இறங்கும். தபாலில் வந்த கடிதத்தைப் பிரித்து, தந்தியாகச் சுருக்கி அனுப்புகிற ஆளைப் போல, கேட்வே எழுத்தை மட்டும் எடுத்து எஸ்.எம்.எஸ். மையத்திடம் கொடுக்கும். போன் அணைந்திருந்தால் மையம் கொஞ்ச காலம் வைத்திருந்து மறுபடி முயலும். பெற்றவர் பதில் தட்டினால் உங்கள் இன்பாக்ஸுக்கு மெயிலாகத் திரும்பி வரும்.

இடம்தான் குறைவு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும். தமிழில் எழுதினால் 70 குறிகள்தான். அதிலும் 'கி' என்பது 'க' ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டாகக் கணக்காகும். மெயிலுக்கு அடியில் பெயர், பதவி என்று நீளமாகக் கையெழுத்து வைப்பவர்களுக்குச் சொல்லவந்த சேதிக்கே இடம் இருக்காது.

இன்னொரு சிக்கல், எதிராளி எந்தக் கம்பெனி என்று தெரிந்திருக்க வேண்டும். 2003 நவம்பரிலிருந்து அமெரிக்காவில் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம். ஆகவே நம்பரைப் பார்த்து ஊகிக்க முடியாது.

இத்தனை இருந்தும் சர்வர் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் இதை விரும்பினார்கள். மெயில் அனுப்பத் தெரிந்த எந்த ப்ரோகிராமும் நள்ளிரவில் "சர்வர் விழுந்துவிட்டது" என்று போனைத் தட்டி எழுப்பிவிடும்.

அதே சுலபம்தான் மோசடிக்காரர்களுக்கும் கதவைத் திறந்தது. முகவரி வெறும் நம்பர் என்பதால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம், அனுப்புநர் பெயரையும் பொய்யாகப் போடலாம், காசும் ஆகாது. ஏடி&டி என்ற செல் கம்பெனி 2025 ஜூன் 17-இல் இந்த வசதியை மூடிவிட்டது. இப்போது ஒரு தொழில் நிறுவனம் மொத்தமாக மெசேஜ் அனுப்பவேண்டுமானால் பணம் கட்டும் சேவையில், தான் யார் என்று பதிவு செய்துவிட்டு அனுப்பவேண்டும். இந்தியாவிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் மெசேஜின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பையனோ பெண்ணோ ஆபீஸில் பழைய எச்சரிக்கை ப்ரோகிராம் எதையாவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வழி அடைபட்டது தெரியாமல் இருந்தால், சர்வர் விழும் ராத்திரியில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.