பொய்ப் போரும் மெய்ந்நோவும்

தொலைக்காட்சியில் அமெரிக்க மல்யுத்தம் பார்ப்பதாகச் சொன்னால் படித்தவர்கள் புன்முறுவல் பூப்பர். "வெல்பவன் இன்னான் என்று முன்னரே முடிவு செய்துவிட்டு மேடையேறும் பொய்ச் சண்டையல்லவா அது?" என்பர். இவ்வாறு கேட்பவர்களே பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட ஹொலிவூட் படங்களை விருப்போடு பார்ப்பர். அங்கும் கதாநாயகனே வெல்வான் என்பது சுவரொட்டியைக் கண்டதுமே விளங்கிவிடுகிறது. எனினும் படத்தைப் பொய்யென்று எவரும் இகழ்வதில்லை. இரண்டையும் ஓய்வு நேரத்தில் பார்த்து மகிழும் சாதாரண இரசிகன் நான். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் இவ்வழக்கம் பொருந்துமா என்பதே என் வினா.

முடிவு தெரிந்திருப்பது கலைக்குக் குறையாகாது. துரியோதனன் மடிவான் என்பதை அறியாமலா நம்மவர் விடியவிடியக் கூத்துப் பார்த்தனர்? அவன் எவ்வாறு மடிகிறான் என்பதிலேதான் சுவை பிறக்கிறது. 1989 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்துச் செனற் சபையின் முன், தமது நிகழ்ச்சி உண்மைப் போட்டியன்று, கேளிக்கையே என மல்யுத்த நிறுவனத்தார் தாமே ஒப்புக்கொண்டனர். விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விடுபடுவது அவர்களது நோக்கம். நெடுங்காலம் காத்த இரகசியம் வெளிப்பட்டது. அதனால் அரங்குகள் வெறிச்சோடிப் போகவில்லை.

அவ்வாறாயின் இரண்டுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? பொய்யின் பாரத்தைத் தாங்குவது எது என்பதிலே இருக்கிறது. கோடைகாலப் பெரும்படங்களின் மரபைத் தொடக்கிவைத்தது 1975 இல் வெளியான 'ஜோஸ்' என்பர். அதற்கெனச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதுபட்டது. இயக்குநர் ஸ்பீல்பேர்க் சுறாவைப் பெரும்பாலும் காட்டாமலே அச்சத்தை எழுப்பினார். படம் மேலும் சிறந்தது. திரைப்படத்தில் இயந்திரம் பழுதானால் மறுநாள் மீண்டும் எடுக்கலாம். மல்யுத்த மேடையில் மறுநாள் என்பது கிடையாது.

இவ்விரு உலகிலும் உலவிய ஒருவரின் வாழ்க்கை இதனை நன்கு காட்டும். பிரான்சிற் பிறந்த அன்ரே ரூசிமோவ் 'இராட்சத அன்ரே' எனப் புகழ்பெற்றவர். வளர்ச்சிச் சுரப்பு மிகும் நோய் அவருக்குப் பேருருவைத் தந்தது. அதுவே அவர் உடலை வருத்தவும் செய்தது. 'த பிரின்சஸ் பிரைட்' என்ற படத்தில் அவர் மகாபலசாலியாக நடித்தார். கதாநாயகி அவர் கைகளில் வந்து விழும் காட்சியில், அவளது பாரத்தைத் தாங்கியவை கண்ணுக்குத் தெரியாத கம்பிகள். முதுகு நோவினால் ஒரு பெண்ணை ஏந்தவும் அவரால் இயலவில்லை. அப்படம் வெளிவந்த 1987 ஆம் ஆண்டிலேயே, மார்ச் 29 ஆந் திகதி, மிச்சிகன் மாநிலத்துப் பொன்ரியாக் நகரில், ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கி மேடையில் அறைந்தார். விளம்பரப்படி அன்ரேயின் நிறை 520 இறாத்தல். தோல்வி முன்னரே எழுதப்பட்டதுதான். ஆனால் அதே முதுகு அங்கே கம்பியின்றி விழுந்தது. 1993 இல், 46 ஆவது வயதில் அவர் காலமானார்.

'மெய்' என்னும் சொல்லுக்கு உண்மை என்றும் உடல் என்றும் இரு பொருள் வைத்தது தமிழ். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். மல்யுத்த வீரனின் வெகுளி நடிப்பாக இருக்கலாம். அதனை ஏந்தி நிற்கும் உடலோ நடிப்பன்று.

1999 மே 23 ஆந் திகதி கன்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்ற கனடிய வீரர், அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கிவருவதாக ஒரு காட்சி அமைத்திருந்தனர். இணைப்பு விடுபட்டது. எழுபது அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்து அவர் மாண்டார். கூடியிருந்தோருட் சிலர் அவ்வீழ்ச்சியையும் விளையாட்டின் ஒரு பகுதி என்றே முதலில் எண்ணினர். அவரைத் தூக்கிச் சென்ற பின்னர் நிகழ்ச்சி தொடர்ந்தது. பொய்யைக் கண்டு பழகிய கண்ணுக்கு மெய் எதிரே வந்து விழுந்தபோதும் புலப்படவில்லை. இதனினும் கொடிய குருட்டுத்தனம் உண்டோ?

திரைப்படத்திலும் கதாநாயகனுக்காக உயரத்திலிருந்து குதிப்பவர்கள் உளர். அவர்கள் பெயரை நம்மிற் பலர் அறியோம். சண்டைக்காட்சி அமைப்புக்கென ஒஸ்கார் விருது ஒன்றை, 2027 இல் வெளிவரும் படங்களிலிருந்து வழங்கப் போவதாக அறிவிப்பதற்கே 2025 ஆம் ஆண்டு வரை சென்றது.

ஆகவே, பொய்ச் சண்டை என்று நகைப்பவரும், முழுவதும் உண்மையென்று நம்பி ஆரவாரிப்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். நடுவில் நிற்கும் மனிதனை இருவருமே காண்பதில்லை. நமக்கு இன்பமூட்டுவதற்காக ஒருவன் விழுகிறான். கைதட்டுவதில் தவறில்லை. ஆனால் கைதட்டு ஓய்ந்ததும் அவன் எழுந்தானா என்று ஒரு கணம் திரும்பிப் பார்ப்பது இரசிகனின் கடன்.