வீட்டு வாசலில் பன்னீர் ரோஜா



வண்டியில கொண்டு வர்ற ரோஜாச் செடியைப் பார்த்தா எல்லாருக்கும் ஆசை வரும். மஞ்சள், ஆரஞ்சுன்னு கண்ணைப் பறிக்கும். ஆனா நிறைய செடியில வாசனையே இருக்காது. ரெண்டு மாசத்துல காய்ஞ்சு போறதும் உண்டு. சிறுவாட்டுப் பணம் வீணாகாம இருக்கணும்னா பன்னீர் ரோஜாவை வையுங்க. இளஞ்சிவப்பு நிறம், நெருக்கமான இதழ், நல்ல மணம். நம்ம மண்ணுக்கும் வெயிலுக்கும் தாங்கும்.

காசில்லாமல் கன்று

பன்னீர் ரோஜா குச்சியிலேயே வேர் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில பென்சில் கனமுள்ள முற்றின குச்சியா பார்த்து அரை அடி நீளத்துக்கு வெட்டுங்க. 3, 4 கணு இருக்கணும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே சாய்வா வெட்டி, மணல் கலந்த மண்ணுல பாதி புதையற மாதிரி ஊன்றி நிழல்ல வையுங்க. ஈரம் காயக்கூடாது, தண்ணியும் நிக்கக்கூடாது. துளிர் வந்ததும் பிடுங்கிடாதீங்க. வேர் நல்லா ஓட 2, 3 மாசம் ஆகும். பத்து குச்சி ஊன்றினா நாலைஞ்சாவது தேறும்.

நடும் முறை

தினம் 6 மணி நேரமாவது வெயில் படற இடம் வேணும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துல குழி எடுத்து, மக்கின தொழுவுரம் 10 கிலோவை மேல்மண்ணோட கலந்து நிரப்புங்க. செடிக்குச் செடி 3 அடி விடுங்க. பச்சைச் சாணத்தை அப்படியே போட்டா வேர் வெந்துடும். அரிசி, பருப்பு கழுவின தண்ணி ஊத்தலாம். சோப்புத் தண்ணி வேண்டாம். சாயங்காலம் இலை மேல தண்ணி தெளிச்சா ராத்திரி முழுக்க ஈரம் நின்னு கரும்புள்ளி நோய் வரும். அதனால காலையில வேர்ல ஊத்துங்க.

கவாத்து

பூக்கிற செடியை வெட்ட மனசு வராது. ஆனா புதுக் கிளையிலதான் நல்ல பூ வரும். ஐப்பசி வாக்குல காய்ஞ்ச கிளை, மெலிந்த கிளை, குறுக்கே போற கிளைகளை எடுத்துடுங்க. மீதிக் கிளைகளைப் பாதியா குறைங்க. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, கூரான கத்தரியால சாய்வா வெட்டணும். வெட்டின இடத்துல காப்பர் ஆக்சிகுளோரைடை பசை மாதிரி குழைச்சுத் தடவுங்க. இல்லேன்னா நுனியிலிருந்து கருகி அடிவரைக்கும் இறங்கும். கருகல் தெரிஞ்சா, பச்சைப் பகுதி வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துடுங்க. பிறகு ஒரு செடிக்கு 10 கிலோ தொழுவுரம் வையுங்க.

ஒட்டுச்செடி வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். ஒட்டுக்குக் கீழே வர்ற தளிரை உடனே கிள்ளிடுங்க. விட்டா அதுவே வளர்ந்து மேல்செடியை அமுக்கிடும்.

பூச்சியும் மருந்தும்

அசுவினி, இலைப்பேன் வந்தா 1 லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்ததும் அடிங்க. தண்டுல செதில் மாதிரி ஒட்டியிருந்தா பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரிச்சுடுங்க. வீட்டுப் பூவை நாம தலையில வைப்போம், பிள்ளைங்க இதழைப் பிச்சு வாயில போடும். அதனால கடை விஷ மருந்தை அடிக்காதீங்க. குல்கந்து செய்யறவங்க மருந்தே படாத இதழையும் அதே எடை சர்க்கரையையும் அடுக்கடுக்கா கண்ணாடி ஜாடியில போட்டு, ரெண்டு மூணு வாரம் வெயில்ல வைக்கலாம்.

விற்க நினைத்தால்

வெயில் ஏறும் முன்னே பறிச்சாத்தான் மணம் நிக்கும். பாதி விரிந்த பூவா பறிச்சு ஈரத்துணியில வையுங்க. முகூர்த்த நாள்ல ஒரு விலை, மறுநாள் வேறு விலை. அதனால எடுத்த எடுப்பிலேயே குழுக் கடன் வாங்கி நூறு செடி வைக்க வேண்டாம். முதல்ல 5 செடி வச்சு ஒரு வருஷம் பாருங்க. வீட்டுக்குப் போக மிஞ்சற பூவைத் தெருவுலேயே கொடுத்துப் பழகுங்க. தினம் எவ்வளவு பூ, எவ்வளவு காசுன்னு நோட்டுல எழுதுங்க. கடன் வாங்கலாமா வேண்டாமான்னு அந்தக் கணக்கே சொல்லும்.

கவாத்து செஞ்ச குச்சிகளைத் தூக்கிப் போடாதீங்க. ஈரத்துணியில சுத்தி அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. செடி இல்லாத சகோதரிக்கு ஆளுக்கு ரெண்டு குச்சி கொடுத்தா, காசு செலவில்லாம எல்லார் வாசல்லயும் பூ பூக்கும்.