பூசண வித்தும் மூடிய அறையும்

பழைய சுவரை இடிக்கும்போது எழும் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூசணத்தின் வித்துகளும் பறக்கின்றன. தாம்பரம், பல்லாவரம் பக்கம் வீட்டுவேலை நடக்காத தெரு ஏது? அவ்வித்துகளை நாம் அன்றாடம் மூச்சில் இழுக்கிறோம். நம் வெள்ளணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன.

குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் நிலை வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இல் தொடங்கப்பட்டது. நோயுற்ற மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்தபின், புதிய குருத்தணுக்கள் வேரூன்ற இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை வெள்ளணுக்கள் மிக அரிது. அப்போது நுரையீரலில் முளைக்கும் பூசணம் உயிரையே பறிக்கக்கூடும்.

வித்தின் குறுக்களவு சுமார் 3 மைக்ரான். அசையாத காற்றிலும், ஆள் உயரத்திலிருந்து தரையை அடைய அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்! ஆகவே நோயாளியின் அறைக்குள் ஹெப்பா வடிகட்டி வழியே காற்றைச் செலுத்துகிறார்கள். 0.3 மைக்ரான் துகள்களில்கூட 10,000க்கு 3 தான் அதில் தப்பும். அறையின் காற்றழுத்தமும் வெளியைவிடச் சற்று மிகுதி. கதவைத் திறந்தால் காற்று வெளியே பாயுமேயன்றி உள்ளே நுழையாது.

பிறரிடமிருந்து குருத்தணு பெற்றவர்க்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் வீடு திரும்பியபின்னும் பல மாதம் தொடரும். வீட்டில் வடிகட்டி ஏது? அத்தகையவர் நம் தெருவில் இருந்தால், சுவரை இடிக்குமுன் சொல்லிவிடுவோம். நீர் தெளித்தே இடிப்போம்.