பாஸ்போர்ட்டின் கடைசி இரண்டு வரிகள்

பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் உண்டு. பெரிய எழுத்துகளும் எண்களும், நடுநடுவே அம்பு முனை போன்ற குறிகளும் நெருக்கமாக அச்சாகியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் சரியாக 44 இடங்கள். வெளிநாடு கிளம்பும் குடும்பத்தில் எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள், விசாவைப் பார்ப்பார்கள், காலாவதி தேதியைக்கூடப் பார்ப்பார்கள். இந்த இரண்டு வரிகளை யாரும் படிப்பதில்லை. ஆனால் எல்லையில் இருக்கும் இயந்திரம் முதலில் படிப்பது இவற்றைத்தான்.

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், உடன் ஒரு பாட்டி. இவர்களுக்கு ஏஜென்ட் ஒரு பட்டியல் தருவார்: பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், படம் இப்படி இருக்க வேண்டும், இதை எடுத்துப் போகலாம், அது கூடாது. காரணம் எதுவும் அதில் இருக்காது. காரணம் தெரியாத விதி தொல்லையாகத்தான் படும். இந்த விதிகளில் பலவற்றின் பின்னால் கணிதமும் வேதியியலும் மருத்துவமும் நிற்கின்றன. பயணத்துக்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அந்த இரண்டு வரிகள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-ல் வெளியிட்ட ஆவணம் 9303 தான் இவற்றுக்கு அடிப்படை. இயந்திரமும் மனிதரும் ஒருசேரப் படிக்க முடிகிற ஓ.சி.ஆர்-பி என்ற எழுத்துரு இதில் பயன்படுகிறது. சுவிட்சர்லாந்தின் எழுத்துரு வடிவமைப்பாளர் ஆட்ரியன் ஃப்ருட்டிகர் 1968-ல் உருவாக்கியது அது. இந்த வரிகள் இல்லாத, கையால் எழுதிய பழைய பாஸ்போர்ட்டுகள் 2015 நவம்பர் 24-க்குள் உலகம் முழுவதும் வழக்கொழிய வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஒற்றை இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது சோதனை இலக்கம். முன்னால் இருக்கும் இலக்கங்களைச் சரியாகப் படித்தோமா என்று இயந்திரம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வைத்த ஏற்பாடு. கணக்கு எளிது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். இலக்கங்களை முறையே 7, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 10-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சோதனை இலக்கம்.

2016 மே 23-ல் பிறந்த ஒரு பிள்ளையின் தேதி 160523 என்று அச்சாகும். 1-ஐ 7-ஆல் பெருக்கினால் 7. அடுத்து 6-ஐ 3-ஆல் பெருக்கினால் 18. பிறகு 0, 35, 6, 3. மொத்தம் 69, மீதி 9. ஆகவே அந்தத் தேதிக்குப் பின்னால் 9 நிற்கும். கருவி 23-ஐ 32 என்று மாற்றிப் படித்துவிட்டால் கூட்டுத்தொகை 71 ஆகிவிடும், மீதி 1. ஒன்பது எங்கே, ஒன்று எங்கே? இயந்திரம் உடனே நின்றுவிடும். 7, 3, 1 மூன்றுக்கும் 10-க்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால் ஏதாவது ஓர் இலக்கம் மட்டும் தவறானால் இந்தக் கணக்கு தப்பாமல் பிடித்துவிடும். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு: ஆங்கில ‘ஏ’ 10, ‘பி’ 11 என்று தொடங்கி ‘இசட்’ 35 வரை. ஆங்கில ‘ஓ’வுக்கு 24 என்பதால், சுழியத்தை ‘ஓ’ என்று படித்தாலும் மாட்டிக்கொள்ளும்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி, அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் கணக்கு ஏமாறும். நம் பிள்ளையின் 160523-ஐ 610523 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை 89, மீதி அதே 9. பத்து வயதைச் சுற்றியுள்ள பிள்ளை 1961-ல் பிறந்த தாத்தாவாகிவிடும், சோதனை இலக்கம் வாய் திறக்காது. அதனால்தான் விசா விண்ணப்பத்திலும் விமான டிக்கெட்டிலும் பிறந்த தேதியை நாமே தட்டச்சு செய்யும்போது ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் நிரப்பும் படிவங்களில் இந்த அளவுக் காவல்கூடக் கிடையாது.

முதல் வரி தமிழர்களுக்கு இன்னும் முக்கியம். பாஸ்போர்ட் வகை, நாட்டின் குறியீடு போக, பெயருக்குக் கிடைப்பது 39 இடங்கள். குடும்பப் பெயர் முதலில், பிறகு இரண்டு அம்பு முனைக் குறி, அதன்பின் சொந்தப் பெயர் என்பது உலக ஒழுங்கு. நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகிறது, இன்னொருவருக்கு அந்தக் கட்டமே காலியாக விடப்படுகிறது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு விதம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது தவித்தவர்களில் நம்மவர்களும் அடக்கம். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு அது தளர்த்தப்பட்டது. டிக்கெட்டில் பெயர் போடும்போது ரேஷன் அட்டையையோ ஆதாரையோ பார்க்காதீர்கள். அந்த முதல் வரியைப் பார்த்து, அதில் உள்ளபடியே போடுங்கள்.

புதிதாக வரும் இந்திய பாஸ்போர்ட்டுகளின் அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சிறிய சின்னம் இருக்கும். செவ்வகத்துக்கு நடுவே ஒரு வட்டம். உள்ளே ஒரு சிப் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உண்டாக்கும் காந்தப்புலம் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831-ல் கண்ட அதே மின்தூண்டல். சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் வைத்தால் சிப் விழித்துக்கொள்ளும். ஆனாலும் உடனே பேசாது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றையும் அந்தக் கடைசி வரியிலிருந்து படித்து, அவற்றைக் கொண்டு உண்டாக்கிய சாவியைக் காட்டினால்தான் கதவு திறக்கும். பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டாமல், பைக்குள் இருக்கும்போதே யாரும் தகவலைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக இப்படி அமைத்தார்கள். உள்ளே இருக்கும் படத்துக்கும் விவரங்களுக்கும் வழங்கிய அரசின் மின்கையொப்பம் உண்டு. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது.

படத்தில் ஏன் சிரிக்கக் கூடாது? சிரித்தால் கன்னம் உயர்கிறது, கண் சுருங்குகிறது, வாய் அகல்கிறது. முகத்தை ஒப்பிடும் கணினி பார்ப்பது இந்த இடங்களைத்தான். பிள்ளைகளின் முகமோ சிரிக்காமலே ஆண்டுதோறும் மாறுகிறது. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு பாஸ்போர்ட் தரும் இந்தியா, சிறு பிள்ளைகளுக்கு 5 ஆண்டுதான் தருகிறது. பல குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இது. அப்பா, அம்மா பாஸ்போர்ட் நன்றாக இருக்கும். பிள்ளையுடையது நான்கு மாதத்தில் முடிவதாக இருக்கும். சிங்கப்பூர் கேட்பது குறைந்தது 6 மாதம். போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனாலோ விமானம் ரத்தானாலோ தங்கல் நீளலாம், அப்போது கையில் செத்த பாஸ்போர்ட்டோடு யாரும் நிற்கக் கூடாது என்பதே அந்த விதியின் நோக்கம்.

சிங்கப்பூரின் தானியங்கி வாசல்கள் முகத்தோடு கருவிழியையும் பார்க்கின்றன. கருவிழியின் இழை வேலைப்பாடு தாயின் வயிற்றில் மூன்றாம் மாதம் உருவாகத் தொடங்கி, எட்டாம் மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மரபணு அதை முழுக்கத் தீர்மானிப்பதில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் அது வேறு வேறு. ஒரே ஆளின் வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும்கூட வேறு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் டாக்மன் 1990-களில் இதை 2048 பிட்டுகள் கொண்ட ஒரு குறியீடாகச் சுருக்கும் முறையைக் கண்டார். பாட்டியின் முகம் வயதில் எவ்வளவு மாறியிருந்தாலும் அந்த வேலைப்பாடு அப்படியே இருக்கும்.

பெட்டிக்கு வருவோம். குருமாவுக்கு அரைத்து வைத்த மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதி இல்லாமல் கசகசா கொண்டுபோகக் கூடாது, அமீரகத்திலும் தடை. கசகசா அபினிச் செடியின் விதை. காயின் மேல்தோலைக் கீறினால் வடியும் பாலில்தான் மார்ஃபின் இருக்கிறது. விதைக்குள் அது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அறுவடையின்போது அந்தப் பால் பட்டுக் காய்ந்த சுவடு விதையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சுவடு போதை தராது. ஆனால் சிறுநீர்ச் சோதனைக்கு அது போதும். கசகசா சேர்ந்த பண்டம் சாப்பிட்டவர்கள் போதைப் பழக்கம் உள்ளவர்களாகக் காட்டப்பட்டதால், அமெரிக்க அரசு தன் ஊழியர் சோதனையில் மார்ஃபினின் வரம்பை 1998-ல் 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தியது. சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீனும் இதே குடும்பம். உடம்புக்குள் அதில் ஒரு பகுதி மார்ஃபினாகவே மாறுகிறது. பாட்டிக்குத் தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த மருந்தோ இருந்தால், டாக்டர் சீட்டை எடுத்துக்கொள்வதோடு முன் அனுமதி தேவையா என்றும் பார்த்துவிடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் கூடாது. லித்தியம் அயனி பேட்டரி ஒன்று சூடேறத் தொடங்கினால் அந்தச் சூடே மேலும் வேதிவினையைத் தூண்டி, சூடு சூட்டை வளர்க்கும். சரக்கறையின் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும். இந்த வினையை அடக்காது. கண்முன்னே இருந்தால் ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லியாம்பியர்-மணி என்று போட்டிருந்தால், 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74. தாராளமாகப் போகும்.

சிங்கப்பூர் வேண்டாம், பிள்ளைகளுக்குச் சிங்கம் காட்டக் கென்யா போவோம் என்று குடும்பம் முடிவெடுத்தால் இன்னொரு விதி சேர்ந்துகொள்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. இது இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். கொசு கடித்த 3 முதல் 6 நாளுக்குள் நோய் வெளிப்படும் என்பதால்தான் அந்த 6.

இந்தியா இவ்வளவு கறாராக இருக்க வலுவான காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி கொசு. அது நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில், மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியில் வளர்ந்து டெங்குவைப் பரப்புகிற அதே கொசு. பரப்பும் கொசு இருக்கிறது, கடிபடக் கோடிக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். வைரஸ் மட்டும் இங்கே இல்லை. ஆசியாவில் இந்த நோய் ஏன் இன்றுவரை வேரூன்றவில்லை என்பது மருத்துவ உலகின் தீராத புதிர்களில் ஒன்று. டெங்கு தந்த எதிர்ப்பாற்றல் ஓரளவு காக்கிறது என்பது ஒரு விளக்கம். ஆசியக் கொசு இந்த வைரஸை அவ்வளவு திறமையாகச் சுமப்பதில்லை என்பது இன்னொன்று. 2016-ல் அங்கோலாவிலிருந்து திரும்பிய 11 பேருக்குச் சீனாவில் இந்த நோய் உறுதியானது. நல்லவேளை, அது அங்கே பரவவில்லை.

ஊசியின் கதை இன்னும் வியப்பானது. இன்றைய கானாவில் 1927-ல் அசிபி என்ற ஆப்பிரிக்க இளைஞருக்கு மஞ்சள் காய்ச்சல் வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அவர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வைரஸை மாக்ஸ் தெய்லர் குழுவினர் கோழிக் கருவின் திசுக்களில் மீண்டும் மீண்டும் வளர்த்தார்கள். ஒரு கட்டத்தில் அது நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்து, எதிர்ப்பாற்றலை மட்டும் தூண்டுவதாக மாறியது. 17டி என்ற அந்த வகைதான் 1937 முதல் இன்றுவரை ஊசியில் இருக்கிறது. தெய்லருக்கு 1951-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கிண்டி கிங் நிலையத்தில் ஒருவர் போட்டுக்கொள்ளும் ஊசி, அந்த ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து வழிவழியாக வந்தது.

உயிருள்ள வைரஸ் என்பதால் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்க நாளாகும். ஊசி போட்ட 10-ஆவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும் என்பது 2016 ஜூலை 11 முதல் சர்வதேச விதி. ஒன்பது மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இது போடக் கூடாது. அறுபது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கலந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு பாட்டியின் வயதைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் போன ஆண்டு போய் வந்த அனுபவம் இந்த ஆண்டுக்குப் பொருந்தாமல் போகலாம். போகும் நாட்டின் அரசுத் தளத்தையே பாருங்கள். சிங்கப்பூர் போகிறவர்கள், சென்று இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.