கிண்ணமா, பிள்ளையா?



பள்ளித் திடலில் விளையாட்டுப் போட்டி என்றால் அன்றைக்கு நம் லயங்களில் ஆளைப் பார்க்க முடியாது. பனி விலகுமுன்பே கட்டுச்சோற்றோடு வந்து கோட்டோரம் உட்கார்ந்துவிடுகிறீர்கள். நம் பிள்ளை முதலாவதாக ஓடி வந்தால் தோட்டமே தலைநிமிர்ந்து நடக்கிறது. கொழுந்து மூட்டை சுமந்த தோளுக்கு அந்த ஒரு கிண்ணம் எத்தனை ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

இன்று அந்தக் கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. நன்றாக விளையாடும் ஒருவன்மீது குற்றச்சாட்டு வந்தால், அவனை வைத்திருக்கும் பள்ளியும் கல்லூரியும் சங்கமும் என்ன செய்ய வேண்டும்? பிள்ளைகளை விளையாட்டுப் பள்ளிக்கும் விடுதிக்கும் அனுப்பும் நாம் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் நான் விளையாட்டுப் பொறுப்பாசிரியர். வட்டாரப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். கையில் கன்றிப்போன தழும்பு. அஞ்சல் ஓட்டத்தில் கடைசிச் சுற்று ஓடும் பெரிய பையன், பண்டகசாலைக்குப் பின்னால் வைத்து அடித்துச் சிற்றுண்டிக் காசைப் பிடுங்கிக்கொண்டான் என்றான். "சனிக்கிழமை போட்டி முடியட்டும்பா, அப்புறம் விசாரிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை கிண்ணம் கிடைத்தது. திங்கட்கிழமை அந்தச் சின்னவன் பள்ளிக்கு வரவில்லை. பெரட்டுக்குப் போக வேண்டிய அவன் தாயார்தான் வந்தார். "கிண்ணம் ஜெயிச்சிட்டீங்களா சார்? இனிமேலாவது என் பையன் சொல்றதைக் கேட்பீங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு விசாரித்தபோது பெரியவன் ஒப்புக்கொண்டான். அவனுக்கும் நான் நன்மை செய்யவில்லை. வேகமாக ஓடுகிறவனுக்கு எந்தச் சட்டமும் இல்லை என்ற பாடத்தை ஓர் ஆசிரியனே அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

இது சின்னப் பள்ளியின் சின்னக் கதைதானே என்று நினைக்காதீர்கள். பெரிய இடங்களிலும் இதே தராசுதான் தூக்கப்படுகிறது.

2012 ஆகஸ்டில் நம் நாட்டையே உலுக்கிய வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாட்டுக்காகப் போலிங் ஆடிய நோர் அஃபிசால் அசிசான் என்ற இளைஞர், 13 வயதுச் சிறுமி தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். பதினாறு வயது நிரம்பாத பெண்பிள்ளை சம்மதித்தாள் என்பது நம் சட்டத்தில் சம்மதமே ஆகாது. உயர்நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கி, 25,000 வெள்ளிப் பிணையில் ஐந்தாண்டு நன்னடத்தையோடு இருக்கும்படி விட்டது. அவருக்கு ஒளிமயமான எதிர்காலம் இருப்பதையும் ஒரு காரணமாகக் கொண்டது. அப்படியானால் அந்தச் சிறுமிக்கு எதிர்காலம் இல்லையா என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது. இன்றைக்கும் அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு நாம் நினைப்பதைவிடப் பெரிய சங்கதி. ஒரு கல்லூரி ஆட்டத்தைக் காண எழுபதாயிரம், எண்பதாயிரம் பேர் கூடும் அரங்குகள் அங்கே உண்டு. தொலைக்காட்சிப் பணம் கோடி கோடியாகக் கொட்டுகிறது. ஆகவே தவறு நேர்ந்தால் அதுவும் பெரிதாகவே நேர்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்களின் கதையைச் சொல்கிறேன்.

ஒன்று, டெக்சஸ் மாநிலம் வேக்கோ நகரிலுள்ள பெய்லர் பல்கலைக்கழகம். அதன் அமெரிக்கக் காற்பந்துக் குழுவினர் சிலர்மீது மாணவிகள் பாலியல் புகார் கூறினார்கள். பெப்பர் ஹாமில்டன் என்ற வழக்கறிஞர் நிறுவனம் விசாரித்துக் கண்டறிந்தவற்றைப் பல்கலைக்கழகம் 2016 மே மாதம் வெளியிட்டது. காற்பந்துத் துறையினர் புகாரை மேலே அறிவிக்காமல் தாங்களே கையாண்டதும், காற்பந்துக்கு விதி பொருந்தாது என்ற எண்ணம் அங்கே பரவியிருந்ததும் அதில் தெரியவந்தன. வெற்றிமேல் வெற்றி தந்த பயிற்றுநர் ஆர்ட் பிரைல்ஸ் பதவி இழந்தார். தலைவர் கென் ஸ்டாரும் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மூடி மறைத்ததால் காக்க நினைத்த பெயரே கெட்டது. அதைவிடக் கொடுமை, அந்த மாணவிகள் பட்ட துன்பம் இரட்டிப்பாயிற்று.

மற்றொன்று, வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகம். இங்கே நடந்தது நேர்மாறு. 2006 மார்ச்சில் லக்ராஸ் குழுவினர்மீது ஒரு பெண் பாலியல் வன்முறைப் புகார் கூறினார். லக்ராஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி ஆடும் ஆட்டம். நீதிமன்றம் ஒரு சொல் சொல்லுமுன்பே அந்தப் பருவத்தில் எஞ்சியிருந்த ஆட்டங்கள் அனைத்தும் ரத்தாயின. பயிற்றுநர் மைக் பிரெஸ்லர் விலக வேண்டியதாயிற்று. மூன்று வீரர்கள் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். 2007 ஏப்ரலில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பர் வழக்கைக் கைவிட்டு, மூவரும் குற்றமற்றவர்கள் என்றே அறிவித்தார். முறைதவறி வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் வழக்கறிஞர் உரிமையையே இழந்தார். புகார் பொய் என்று 2024-இல் அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டார்.

பார்த்தீர்களா? ஓரிடத்தில் கிண்ணத்துக்காக மறைத்தார்கள். மற்றோரிடத்தில் ஊர்வாய்க்கு அஞ்சி அவசரப்பட்டார்கள். இரண்டிலும் தங்கள் பெயரைத்தான் பார்த்தார்களே தவிர, உண்மை என்ன என்று பார்க்கவில்லை.

அப்படியானால் நடுவழி உண்டா? இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்கவின் வழக்கைப் பாருங்கள். 2022 நவம்பரில், உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்றிருந்த அவர் பாலியல் குற்றச்சாட்டில் சிட்னியில் கைதானார். உடனே இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் எல்லா வகை ஆட்டத்திலிருந்தும் அவரை இடைநிறுத்தியது. 2023 செப்டம்பரில் சிட்னி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்லர் என்று விடுவித்தது. அடுத்த மாதமே தடை நீங்கியது. ஏறக்குறைய ஓராண்டு ஆட்டத்தை அவர் இழந்தார், அது சிறிய இழப்பு அன்று. ஆனாலும் இடைநிறுத்தம் என்பது தண்டனை ஆகிவிடாமல், தீர்ப்பு வந்ததும் கதவு திறந்தது. ஒதுங்கியிருக்கச் சொல்வது வேறு, குற்றவாளி என்று முத்திரை குத்துவது வேறு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எதிராக அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறையிடம் சொல்லாமல் இருப்பதே குற்றம். தலைமையாசிரியரானாலும் பயிற்றுநரானாலும் "உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று சொல்ல முடியாது. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம்.

உங்கள் பிள்ளையைப் பயிற்சிக்கோ விடுதிக்கோ அனுப்புமுன் சிலவற்றைக் கேளுங்கள். பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் பயிற்றுநரைத் தவிர வேறு யாரிடம் சொல்லலாம்? புகார் வந்தால் யார் எழுதி வைப்பார்கள்? குழுவின் வெற்றியில் பங்கில்லாத ஒருவர்தானே விசாரிப்பார்? புகார் சொன்ன பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புகாருக்கு ஆளானவனைத் திடலில் விடமாட்டார்களே? கேட்பதற்குத் தயங்காதீர்கள். "நாம் தோட்டத்து ஆள்கள், நாம் கேட்கலாமா?" என்ற கூச்சம் வேண்டாம். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் பிள்ளைமீதே குற்றச்சாட்டு வந்தால்? அவனை அடிக்காதீர்கள். புகார் சொன்ன வீட்டு வாசலில் போய்ச் சண்டையும் போடாதீர்கள். காவல்துறையிடம் பேசுமுன் வழக்கறிஞரின் துணையைத் தேடுங்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் வசதியில்லாதவர்களுக்காகவே இருக்கிறது. விசாரணை முடியும்வரை திடலுக்குப் போகாமல் இருப்பது அவனுக்கும் பாதுகாப்புத்தான். அவன் குற்றமற்றவன் என்று தெரிந்தால், அதே திடலில் எல்லாருக்கும் முன்னால் அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியது பள்ளியின் கடமை. அதையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சின்னவன் இரண்டு வாரம் கழித்துத்தான் பள்ளிக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் ஓட்டப் பயிற்சிக்கு வரவே இல்லை. அவனும் நன்றாக ஓடக்கூடியவன் என்று பிற்பாடு அவன் வகுப்பாசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் போட்டி எத்தனை நெருக்கத்தில் இருந்தாலும், ஒரு பிள்ளை வந்து "சார்" என்று நின்றால் ஊதலைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவன் சொல்வதைக் கேட்டுவிடுகிறேன்.